குமாஸ்தாவுக்குப் பூட்டு, திருடனுக்கு 1234

அலுவலக டெலிபோனில் யார் எங்கே பேசலாம் என்று தீர்மானிக்கிற பெட்டியை நாம் மறந்துவிட்டோம். மறக்காதவர்கள் சிலர் வெளியே இருக்கிறார்கள்.

மாடிப்படிக்கு அடியிலோ, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலோ, ஸ்டோர் ரூம் சுவரிலோ மாட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் இரண்டு மூன்று வெளி லைன்கள் நுழையும். மறுபக்கம் எட்டோ, பதினாறோ, இருபத்துநான்கோ எக்ஸ்டென்ஷன்களாகப் பிரிந்து மேஜை மேஜையாகப் போகும். ஆடிட்டர் ஆபீஸ், நர்ஸிங் ஹோம், பள்ளிக்கூடம், லாட்ஜ், ஸ்பின்னிங் மில் என்று எங்கே போனாலும் இது உண்டு. இ.பி.ஏ.பி.எக்ஸ். என்பது முறையான பெயர். ‘இன்டர்காம் பாக்ஸ்’ என்றால்தான் பியூனுக்குப் புரியும். மாட்டிய அன்று டீலர் அனுப்பிய டெக்னீஷியன் ஒரு மணி நேரம் ஏதேதோ எண்களை அழுத்திவிட்டுப் போயிருப்பார். அதன்பிறகு ஒட்டடை அடிக்கிற நாளைத் தவிர யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் முடிவான விஷயங்கள் பல. யாருக்கு எந்த எண், யார் வெளியூர் பேசலாம், வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் எங்கே அடிக்க வேண்டும், இதையெல்லாம் மாற்றும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. பத்து வருஷம் கழித்தும் அதே எழுத்துதான் ஆள்கிறது. சிக்கலும் அங்கேதான்.

எண்களால் எழுதிய சட்டம்

இந்த மாதிரிச் சின்ன எக்ஸ்சேஞ்சுகளில் புரோகிராமிங் செய்யத் தனியாகக் கம்ப்யூட்டர் தேவையில்லை. முதல் போர்ட்டில் மாட்டியிருக்கும், திரை உள்ள போனே போதும். பெரும்பாலும் அது ரிசப்ஷனில் இருக்கும். புரோகிராமிங்குக்குள் நுழைவதற்கான எண்ணை அழுத்தி, சிஸ்டம் பாஸ்வேர்டைக் கொடுத்தால் கதவு திறக்கும். பிறகு எல்லாமே மூன்று படிதான்: எந்த வசதி என்பதற்கு ஓர் எண், எந்த போர்ட் என்பதற்கு ஓர் எண், அங்கே வைக்க வேண்டிய மதிப்புக்கு ஓர் எண். சில மாடல்களில் ஒரு பீப் கேட்டால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மூன்று பீப் என்றால் தப்பு, மறுபடியும் போடு.

போர்ட்டும் எக்ஸ்டென்ஷனும் ஒன்றல்ல என்பது இதில் முதல் பாடம். போர்ட் என்பது ஒயர் போய்ச் சொருகியிருக்கும் இடம், அது மாறாது. எக்ஸ்டென்ஷன் என்பது அந்த இடத்துக்கு நாம் வைக்கும் எண். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஏழாவது போர்ட்டில் இருக்கும் மேனேஜர் 201 ஆக இருக்கலாம். அவர் மாடிக்குக் குடிபோனால் ஒயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். இரண்டு போர்ட்டுகளின் எண்களை மாற்றிப் போட்டால் 201 அவர் பின்னாலேயே மாடி ஏறிவிடும்.

அடுத்தது அந்தஸ்து. ‘கிளாஸ் ஆஃப் சர்வீஸ்’ என்று கையேடுகள் சொல்லும். செக்யூரிட்டி அறைக்கு இன்டர்காம் மட்டும், கிளார்க்குகளுக்கு உள்ளூர், அக்கவுன்டன்டுக்கு வெளியூர் பேசும் எஸ்.டி.டி., முதலாளிக்கு வெளிநாடு பேசும் ஐ.எஸ்.டி. வரை. இதை நடைமுறைப்படுத்துவது ஒரு தடைப் பட்டியல். ஒருவர் டயல் செய்யும் முதல் சில இலக்கங்களை எக்ஸ்சேஞ்ச் அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் லைன் அறுந்து ‘எங்கேஜ்டு’ டோன் வரும். தன் மேஜையில் இல்லாத மேனேஜர் கிளார்க் போனிலிருந்து வெளியூர் பேச வேண்டுமா? சொந்த எக்ஸ்டென்ஷன் எண்ணையும் ரகசியக் குறியீட்டையும் அழுத்தினால், அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் அவருடைய அந்தஸ்து அந்தப் போனுக்கு வந்துவிடும். லாட்ஜ்களில் இதே ஏற்பாடு வேறு வேஷத்தில் இருக்கும். அறை காலியானதும் ரிசப்ஷனிலிருந்து அறைப் போனைப் பூட்டிவிடுவார்கள்.

டயல் பூட்டின் வாரிசு

இத்தனை பூட்டும் எதற்காக வந்தது என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நம் நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தது. ஆபரேட்டரிடம் ட்ரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் கஷ்டம் மெல்ல ஒழிந்தது. கூடவே ஆபீஸ் முதலாளிகளுக்குப் புதுக் கவலை பிறந்தது: யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் டெல்லிக்குப் பேசிவிடலாம். சுழற்றும் டயலின் ஓட்டையில் மாட்டும் குட்டிப் பூட்டு கடைகளில் வந்தது. போனையே மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மேனேஜர்களும் உண்டு.

டயலைப் பூட்டினால் போனைப் பூட்டியதாகாது என்பதை ஆபீஸ் பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பழைய போன்களில் டயல் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: லைனை விட்டுவிட்டுத் துண்டிப்பது. 5 சுழற்றினால் ஐந்து துண்டிப்பு, 0 சுழற்றினால் பத்து. ரிசீவர் உட்காரும் கொக்கியைத் தட்டினாலும் அதே துண்டிப்புதான். தாளம் தப்பாமல் தட்டத் தெரிந்தவருக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை.

மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்ததும் அந்த வித்தை செல்லாமல் போயிற்று. பூட்டு போனிலிருந்து பெட்டிக்குள் போய்விட்டது. 1984இல் தொடங்கிய அரசு நிறுவனமான சி-டாட் இங்கேயே எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்து, அந்தத் தொழில்நுட்பத்தை உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு வழங்கியது. மாவட்டத் தலைநகர ஆபீஸ்களில்கூட இன்டர்காம் சாதாரணமாகிவிட்டது. புரோகிராமிங் செய்ய வருபவரிடம் முதலாளி கேட்ட முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: “எஸ்.டி.டி.யை எப்படிப்பா லாக் பண்றது?”

ஒரு பூஜ்யம் செய்த வேலை

அதற்கு டெக்னீஷியன்களிடம் எளிய விடை இருந்தது. வெளி லைன் எடுத்தபின் முதல் இலக்கம் 0 என்றால் தடு. எஸ்.டி.டி. எண்கள் எல்லாமே 0இல் தொடங்கும், ஐ.எஸ்.டி. 00இல் தொடங்கும். ஒரே வரியில் இரண்டும் அடைபட்டன.

2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று கொண்டுவந்தபோதே இந்தப் பூட்டின் தேவை பாதி குறைந்துவிட்டது. அப்புறம் மொபைல் கட்டணங்கள் சரிந்து, வெளியூர் உள்ளூர் என்ற பேதமே போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த வரி மட்டும் போகவில்லை.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதி கொண்டுவந்தது. அதுவரை வேறு தொலைத்தொடர்பு வட்டத்து மொபைல்களுக்கு மட்டும்தான் 0. வெளி லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு இன்னொரு 0 என்றாகிவிட்டது. 0ஐத் தடுத்து வைத்திருந்த எக்ஸ்டென்ஷன்களிலிருந்து அடுத்த தெருவில் இருக்கும் டிரைவரின் மொபைலுக்குக்கூடப் பேச முடியாத நிலை.

சரியான மாற்றம் இது: 0ஐத் திற, 00ஐ மட்டும் அடை. மொபைலுக்கு மட்டும் வழிவிட்டு எஸ்.டி.டி.யை அடைக்கலாம் என்று 06, 07, 08, 09 ஆகியவற்றை மட்டும் திறப்பவர்களும் உண்டு. அதில் பெங்களூரின் 080ம் அகமதாபாத்தின் 079ம் கூடவே நுழைந்துவிடும். இன்றைய கட்டணத்தில் அதனால் நஷ்டமில்லை. ஆனால் தொல்லை விட்டால் சரி என்று தடைப் பட்டியலையே மொத்தமாக அழித்துவிட்டால், 00வும் சேர்ந்து திறந்துவிடும். அங்கேதான் உண்மையான ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

ஆளில்லாத ஆபீஸிலிருந்து அழைப்பு

2014 மார்ச். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நார்க்ராஸ் என்ற ஊர். ஏழு பேர் வேலை பார்க்கும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம். சனி, ஞாயிறு விடுமுறையில் அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் அவர்கள் போனிலிருந்து காம்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் மாலத்தீவுக்கும் ஓயாமல் அழைப்புகள் போயின. பில் 1,66,000 டாலர். அவர்கள் வழக்கமாகப் பேசுகிற அளவுக்கு அந்தத் தொகையை எட்ட 34 வருஷம் ஆகியிருக்கும்.

இதில் காசு பார்ப்பது எப்படி? அழைத்தவரிடம் கூடுதல் கட்டணம் பிடித்து, அதில் ஒரு பங்கை எண்ணின் சொந்தக்காரருக்குத் தரும் ‘பிரீமியம்’ எண்கள் பல நாடுகளில் உண்டு. மோசடிக்காரர் அப்படிச் சில எண்களை வாடகைக்கு எடுப்பார். எங்கோ ஓர் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சுக்குள் புகுந்து, அங்கிருந்து தன் எண்ணுக்குத் தானே அழைப்பார். ஆபீஸ் கட்டும் பில்லில் அவருக்குப் பங்கு வந்துவிடும்.

உள்ளே நுழையும் வாசல்களைத் திறந்து வைப்பது நாம்தான். ‘எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் டயல் செய்யவும்’ என்று குரல் வருகிறதே, அந்த வசதிக்குப் பின்னால் இன்னொரு வசதியும் பல எக்ஸ்சேஞ்சுகளில் ஒளிந்திருக்கிறது. சரியான குறியீட்டை அழுத்தினால், வெளியிலிருந்து அழைத்தவருக்கே ஆபீஸின் வெளி லைன் ஒன்று கிடைத்துவிடும். முதலாளி வீட்டிலிருந்தபடி ஆபீஸ் கணக்கில் பேசுவதற்காக வந்த ஏற்பாடு இது. இரண்டாவது வாசல், வெளியிலிருந்து குறியீடு போட்டு நுழையும் வாய்ஸ் மெயில். மூன்றாவது, ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பை வெளி எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி.

2009 ஜூனில் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் வெளியான குற்றப்பத்திரிகையைப் பார்த்தால் இந்த வாசல்களின் பலவீனம் புரியும். மணிலாவில் இருந்துகொண்டு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று 2,500க்கும் மேற்பட்ட அலுவலக எக்ஸ்சேஞ்சுகளுக்குள் புகுந்ததாகச் சிலர்மேல் குற்றச்சாட்டு. அப்படித் திருடியது 1.2 கோடி நிமிடம், மதிப்பு 5.5 கோடி டாலருக்கும் மேல். பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அந்த பாஸ்வேர்டு பல மாடல்களில் 1234 அல்லது 0000. கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். மாற்றியவர்களும் பெரும்பாலும் நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்கு இலக்கத்தில் மொத்தம் பத்தாயிரம் எண்கள். ஒரு முயற்சிக்கு இருபது வினாடி என்று வைத்தாலும் 56 மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறை அதற்குத் தாராளம். ஆறு இலக்கமாக்கினால் அதே வேகத்தில் 230 நாளுக்கு மேல் ஆகும். இரண்டே இலக்கம் தரும் பாதுகாப்பு அவ்வளவு.

இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐ.பி. எக்ஸ்சேஞ்சுகளில் இந்தக் கணக்கும் உதவாது. அங்கே மணியடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நிரல்கள் வினாடிக்குப் பல முறை முயலும். 101ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருக்கும் சிஸ்டத்தைத்தான் அவை முதலில் தேடும்.

திறந்தே இருக்க வேண்டிய எண்கள்

பூட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு ஆபத்து கண்ணில் படாது. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில் ஒரு மோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள், பள்ளியில் சொல்லித் தந்தபடி 911ஐ நான்கு முறை டயல் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. அந்த மோட்டலில் வெளி லைனுக்கு முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரால் 2018இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பின் அங்கே நிறுவப்படும் அலுவலக எக்ஸ்சேஞ்சுகளில் 911ஐ நேரடியாக டயல் செய்ய வழி இருந்தாக வேண்டும்.

நம் ஊர் லாட்ஜ்களில் இதைவிடச் சிக்கலான ஒன்று நடக்கிறது. அறை எண்ணையே எக்ஸ்டென்ஷன் எண்ணாக வைப்பது பலருக்கு வழக்கம். முதல் மாடியில் 101, 108, 112 என்று அறைகள் இருந்தால், நெஞ்சுவலியில் ஒருவர் 108ஐ அழுத்தும்போது ஆம்புலன்ஸுக்குப் போகாது. எட்டாவது அறையில் மணியடிக்கும். 101 தீயணைப்பு, 112 எல்லா அவசரத்துக்கும் பொது எண். எக்ஸ்டென்ஷன்களை 2இலோ 3இலோ தொடங்கி, 1இல் தொடங்கும் எண்களை அவசரத்துக்கென்று விட்டுவைப்பதே இதற்கு வழி. பூட்டிய போனிலிருந்தும் அவை போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

* சிஸ்டம் பாஸ்வேர்டை ஆறு இலக்கத்துக்குக் குறையாமல் மாற்றுங்கள். அதை எழுதி, கையெழுத்திட்ட உறையில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். வேலையை விட்டுப் போன டெக்னீஷியனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு இருந்தும் பயனில்லை.
* வெளிநாட்டுப் பேச்சு இல்லையென்றால், தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து ஐ.எஸ்.டி.யை லைனிலேயே நிறுத்திவிடுங்கள். பெட்டியில் என்ன தப்பு நடந்தாலும் இது காப்பாற்றும்.
* வெளியிலிருந்து அழைப்பவருக்கு வெளி லைன் தரும் வசதியை மூடுங்கள். வெளி எண்ணுக்குத் திருப்பிவிடும் உரிமை தேவையானவருக்கு மட்டும் இருக்கட்டும்.
* ஆள் போன மேஜையின் எக்ஸ்டென்ஷனையும் வாய்ஸ் மெயிலையும் அன்றே முடக்குங்கள்.
* அழைப்புப் பதிவேட்டை மாதம் ஒருமுறை புரட்டுங்கள். நள்ளிரவு, ஞாயிறு, விடுமுறை நாள் அழைப்புகள் இருந்தால் விசாரியுங்கள்.
* ஐ.பி. எக்ஸ்சேஞ்ச் என்றால் இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள்.

இவை எதற்கும் புதுப் பெட்டி வாங்க வேண்டாம். ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருந்தால் தனிச் செலவுகூட இல்லை. டெக்னீஷியனை உட்கார வைத்து ஒரு மதியம் செலவழித்தால் போதும். அவர் வந்ததும் எஸ்.டி.டி. லாக் பற்றிக் கேட்க வேண்டாம். கிளார்க் இன்று சேலத்துக்குப் பேசினாலும் சிங்காநல்லூருக்குப் பேசினாலும் கம்பெனிக்கு ஒன்றுதான். அவர் எப்படியும் தன் சொந்த மொபைலில்தான் பேசுவார். வெளியிலிருந்து இந்தப் பெட்டிக்குள் வர எத்தனை வழி இருக்கிறது, ஒவ்வொன்றின் குறியீடும் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.