கோப்பு வழுக்கள்: தோற்றமும் காரணமும்
மெய்நிகர் இயந்திரங்களையும் சேவையக மென்பொருள்களையும் முன்வைத்து ஒரு விளக்கம்

நூலகத்தின் பட்டியல், மருத்துவமனையின் நோயாளர் பதிவேடு, பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பெறுபேறு ஆகியன இன்று பெருமளவில் ஏதோவொரு சேவையகத்தின் வன்தட்டிலே கோப்புக்களாக இருக்கின்றன. தாளில் எழுதிய பதிவேடு கிழிந்தால் கிழிசல் கண்ணுக்குத் தெரியும். கோப்பாக உள்ள பதிவேடு பழுதுற்றாலோ நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிச் செய்திதான்: “அத்தகைய கோப்பு இல்லை”, “அனுமதி மறுக்கப்பட்டது”, “சாதனத்தில் இடமில்லை”. இந்த ஒரு வரியை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கணினித்துறை சாராதோருக்கும் இவ்விடயம் அந்நியமானதன்று. தோற்றப்பாட்டைக் காரணமெனக் கொள்வது எந்த ஆய்வையும் திசைதிருப்பும் என்பதை நாம் அறிவோம். வழுச் செய்தி, ஓர் அடுக்கு தான் கண்டதை மாத்திரம் கூறும் சாட்சியமாகும். காரணம் பெரும்பாலும் அதற்குக் கீழுள்ள வேறோர் அடுக்கில் இருக்கும். எனவே செய்தியை அடக்குவதும் பழுதை நீக்குவதும் வெவ்வேறான செயல்களாகும். பின்வரும் பகுதிகள் இக்கூற்றை உண்மையான எடுத்துக்காட்டுக்களால் விளக்க முயல்கின்றன.

1. அடுக்குகளும் உடன்பாடும்

கோப்பை ஒரு திடப்பொருள்போல எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பல அடுக்குகள் ஒன்றையொன்று நம்பிச் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாகும். பயன்பாட்டு மென்பொருள் ஒரு பெயரைக் கூறிக் கோப்பைக் கேட்கின்றது. பணிசெயல் முறைமையின் கரு அப்பெயரைக் கோப்பு முறைமையிடம் ஒப்படைக்கின்றது. கோப்பு முறைமை அதனை இலக்கமிட்ட தொகுதிகளாக மாற்றுகின்றது. வன்தட்டு அத்தொகுதிகளைக் கொணர்ந்து தருகின்றது. எந்த அடுக்கும் தனக்குக் கீழுள்ளதன் உள் நிலைமையை நேரே காண்பதில்லை; அது கூறும் விடையை நம்பியே இயங்குகின்றது.

மெய்நிகர் இயந்திரம் இவ்வடுக்குகளை இரட்டிப்பாக்குகின்றது. ஒரு கணினியினுள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உருவாக்கும் இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தினர் 1960களிலேயே இதனைப் பரிசோதித்து, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் அறிமுகஞ் செய்தனர். 1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் அதற்கான கோட்பாட்டு வரையறையை வகுத்தனர். 1998இல் தொடங்கப்பட்ட வி.எம்.வெயார் நிறுவனம் அடுத்த ஆண்டில் அதனைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது.

ஈண்டு நமக்கு முக்கியமானது ஓர் உண்மை. உள் இயந்திரம் தனது வன்தட்டு எனக் கருதுவது, அதனைத் தாங்கும் கணினியில் பெரும்பாலும் ஒரு கோப்பே. உள்ளே இருப்பவருக்கு அது பருப்பொருள்; வெளியே இருப்பவருக்கு அது படியெடுக்கவும் பெயர் மாற்றவும் தவறுதலாக அழிக்கவும் கூடிய ஒரு பெயர். உள்ளே தோன்றும் வழுவின் காரணம் வெளியே இருக்கலாம் என்பது இதிலிருந்தே பெறப்படும்.

2. இலக்கங்கள் கூறுவதும் கூறாததும்

யுனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளில் கரு தனது வழுவை ஓர் இலக்கமாகத் திருப்பித் தருகின்றது. லினக்ஸில் 2 என்றால் கோப்பு இல்லை. 5 என்றால் உள்ளீட்டு வெளியீட்டு வழு. 13 என்றால் அனுமதி இல்லை. 24 என்றால் திறந்துள்ள கோப்புக்கள் மிகுதி. 28 என்றால் இடமில்லை. 30 என்றால் கோப்பு முறைமை வாசிப்புக்கு மட்டுமே உரியது. இவ்விலக்கங்கள் பொய்யுரைப்பதில்லை. ஆயினும் அவை முழுமையையும் உரைப்பதில்லை.

28ஆம் இலக்கத்தை நோக்குவோம். தட்டு நிரம்பிவிட்டது என்பதே அதன் இயல்பான பொருள். ஆனால் தட்டில் பாதி வெறுமையாக இருக்கையிலும் இச்செய்தி வரலாம். கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவுக் குறிப்பை ஒதுக்குகின்றது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சில கோப்பு முறைமைகளில் இக்குறிப்புகளின் எண்ணிக்கை அவற்றை அமைக்கும்போதே வரையறுக்கப்படுவது. இலட்சக்கணக்கான சிறு கோப்புக்கள் சேர்ந்தால் இடம் மிஞ்சியிருக்கக் குறிப்புகள் தீர்ந்துவிடும். இன்னொரு வகையில், பெரிய குறிப்பேட்டுக் கோப்பு ஒன்றை நிர்வாகி அழித்த பின்னரும், அதனை ஒரு சேவை திறந்து வைத்திருக்கும்வரை அதன் தொகுதிகள் விடுவிக்கப்படுவதில்லை. கோப்புப் பட்டியலில் பெயர் இல்லை. தட்டிலோ இடம் நிரம்பியே உள்ளது. அச்சேவையை மீளத் தொடங்கியதும் இடம் “திரும்பி” வருவது மாயமன்று.

மெய்நிகர் இயந்திரத்தில் இப்பிரச்சினை மேலும் ஒரு படி ஆழமாகின்றது. உள் இயந்திரத்துக்கு 100 கிகாபைட்டுத் தட்டு என்று கூறிவிட்டு, எழுதப்படும் அளவுக்கு மட்டும் வெளியே இடம் ஒதுக்குவது வழக்கம. இவ்வாறு பல இயந்திரங்களுக்கு வாக்களித்த இடத்தின் மொத்தம் உண்மையில் உள்ள இடத்தை விஞ்சக்கூடும். அப்போது உள் இயந்திரம் தன் கணக்கின்படி 40 கிகாபைட்டு மீதமிருக்கக் காணும். வெளியே ஒரு தொகுதிக்கும் இடமிராது. சில அமைப்புகளில் உள் இயந்திரம் அவ்விடத்திலேயே நிறுத்தி வைக்கப்படும். வேறு சிலவற்றில் 5ஆம் இலக்க வழுவே உள்ளே தெரியும். அதனைக் கண்டு தட்டு பழுதாகிவிட்டது என முடிவுசெய்பவர் பிழையான அடுக்கைப் பழுதுபார்க்கத் தொடங்குவார்.

2ஆம் இலக்கமும் இவ்வாறே. கண்முன்னே இருக்கும் கட்டளைக் கோப்பை இயக்கும்போது “கோப்பு இல்லை” எனச் செய்தி வருவதுண்டு. இல்லாதது அக்கோப்பன்று, அதன் முதல் வரி குறிப்பிடும் மொழிபெயர்ப்பி. விண்டோஸ் கணினியில் எழுதிய கோப்பின் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருந்தால், அக்குறியும் சேர்ந்த பெயரிலே ஒரு மொழிபெயர்ப்பியைக் கரு தேடி, இல்லை எனக் கூறும். 13ஆம் இலக்கத்தின் காரணமும் பலவேளை கோப்பிலே இராது. அதற்குச் செல்லும் பாதையில் உள்ள ஏதேனும் ஓர் அடைவில் நுழையும் உரிமை இன்மையே காரணமாகலாம். அதனை ஆராயாது எல்லோருக்கும் எல்லா உரிமையும் வழங்கிவிடுவது பரவலான பழக்கம். கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிப்பதற்கு அது ஒப்பாகும்.

24ஆம் இலக்கம் சேவையகங்களுக்கே சிறப்பாக உரியது. யுனிக்ஸ் மரபில் வலையமைப்புத் தொடர்பும் திறந்த கோப்பாகவே எண்ணப்படுகின்றது. ஒரு செயல்முறைக்குரிய எல்லை பல முறைமைகளில் 1024 ஆக இருக்கும். பயனாளர் பெருகியதால் எல்லை எட்டப்பட்டதா, மென்பொருள் திறந்தவற்றை மூட மறப்பதால் எட்டப்பட்டதா என்பதே வினா. முன்னதாயின் எல்லையை உயர்த்துவது தீர்வு. பின்னதாயின் அது வீழ்ச்சியைச் சில நாட்கள் பின்போடுவது மாத்திரமே.

30ஆம் இலக்கம் ஒரு தற்காப்பு. தன் கட்டமைப்பில் முரண்பாட்டைக் காணும் கோப்பு முறைமை, மேலும் எழுதினால் சேதம் பெருகும் என்பதால், எழுதுதலைத் தானே நிறுத்தும்படி அமைக்கப்படுவதுண்டு. கருவின் குறிப்பேட்டைப் படியாமல் மீண்டும் எழுதும் நிலைக்கு அதனை மாற்றுவது, காயத்தின் கட்டை அவிழ்ப்பதாகும்.

3. தட்டுக் கோப்புக்களின் சங்கிலி

மெய்நிகர் இயந்திரங்களின் சிறப்பான வசதி, ஒரு கணத்தின் நிலையை நிறுத்தி வைத்தலாகும். இதனை நிலைப்படம் எனலாம். நிலைப்படம் எடுக்கும்போது முழுத் தட்டும் படியெடுக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். வி.எம்.வெயார் முதலிய அமைப்புகளில் நிகழ்வது வேறு. மூலத் தட்டுக் கோப்பு அத்துடன் உறைந்துவிடும். அதன் பின் நிகழும் மாற்றங்கள் யாவும் புதியதொரு சேய்க்கோப்பில் எழுதப்படும். அடுத்த நிலைப்படத்துடன் இன்னொரு சேய் பிறக்கும். இன்றைய நிலை, இச்சங்கிலி முழுவதையும் ஒருங்கே வாசித்தால்தான் கிடைக்கும்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, நிலைப்படம் காப்பு நகலாகாது. மூலம் அழிந்தால் சேய்க்கோப்பு தனித்து வாழாது. இரண்டாவது, அடைவிலே தேவையற்றது போலத் தோன்றும் கோப்பு, கடந்த பல மாதங்களின் பதிவுகள் முழுவதையும் தாங்கியிருக்கலாம்.

வி.எம்.வெயாரில் ஒவ்வொரு சேய்க்கோப்பும் தனது மூலத்தின் அடையாள எண்ணைக் குறித்து வைத்திருக்கும். மூலத்தை யாரேனும் தனியே திறந்து எழுதினால் அவ்வெண் மாறும். பின்னர் இயந்திரத்தை இயக்கும்போது, சேய் உருவான பின் மூலத் தட்டு மாற்றப்பட்டுள்ளது என்னும் செய்தியுடன் இயக்கம் மறுக்கப்படும். அவ்வெண்ணைக் கையால் திருத்திப் பொருந்தச் செய்தால் செய்தி மறையும். மூலத்தில் உண்மையாகவே எதுவும் எழுதப்படவில்லை எனின் அது தீர்வாகலாம். எழுதப்பட்டிருப்பின், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு காலங்களின் தரவுகள் ஒரே தட்டாகத் தைக்கப்படும். சிதைவு மெல்ல மெல்லவே வெளிப்படும். ஆகவே எண்ணைத் தொடுமுன் சங்கிலி முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படியிலேயே பரிசோதித்தல் வேண்டும்.

பூட்டுக் கோப்புக்கும் இது பொருந்தும். ஒரே தட்டில் இருவர் எழுதாதிருக்க வைக்கப்படும் அடையாளம் அது. இயந்திரம் திடீரென நின்றால் பூட்டு எஞ்சிவிடும். அப்போது அதனை நீக்குவது முறையே. ஆனால் வேறொரு கணினியில் அவ்வியந்திரம் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பின், பூட்டை நீக்குவது தட்டையே அழிப்பதற்குச் சமமாகும்.

4. செய்தி வராத வழு

இதுவரை செய்தியைப் பிழையாக விளங்கிக்கொள்வது பற்றிக் கூறினோம். செய்தியே வந்து சேராத நிலையும் உண்டு. போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், தான் எழுதியவற்றை வன்தட்டில் நிலைநிறுத்துமாறு கருவைக் கேட்கும். கரு தோல்வி எனக் கூறினால் மீண்டும் கேட்கும். இரண்டாம் முறை வெற்றி எனக் கூறினால் தரவு காப்பாற்றப்பட்டது எனக் கொள்ளும். 2018இல் வெளிப்பட்ட உண்மை வேறாக இருந்தது. லினக்ஸ் கரு தோல்வியை ஒருமுறை அறிவித்தபின், எழுதப்படாத அப்பக்கங்களை எழுதப்பட்டனவாகவே குறித்துவிடும். ஆதலால் இரண்டாம் முறை கிடைத்த “வெற்றி” தட்டில் இல்லாத தரவுக்கான வெற்றியாகும்.

இரு தரப்பினரும் தத்தம் உடன்பாட்டை நிறைவேற்றுவதாகவே நம்பினர். உடன்பாட்டின் ஒரு வாசகத்தை இரு வேறு விதமாக வாசித்திருந்தனர். 2019 பெப்ரவரியில் வெளிவந்த பதிப்புகளிலிருந்து, முதல் தோல்வியிலேயே போஸ்ட்கிறெஸ் தன்னை நிறுத்திக்கொண்டு, முன்கூட்டி எழுதிய குறிப்பேட்டிலிருந்து மீண்டெழுகின்றது. தெரியாமல் தொடர்வதிலும் தெரிந்து நிற்பதே மேல் என்னும் தீர்மானம் அது.

5. மனித அடுக்கு

அடுக்குகளுள் இறுதியானது மனித உழைப்பு. மென்பொருள் ஆக்குநர் பலர் பயன்படுத்தும் கிட்லாப் சேவையில் 2017 ஜனவரி 31இல் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பழுதுற்ற துணைத் தரவுத்தளத்தைச் சீர்செய்ய இரவுவரை உழைத்த பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் இட எண்ணிய அழித்தற் கட்டளையை முதன்மைச் சேவையகத்தில் இட்டுவிட்டார். உடனே நிறுத்தியபோதும், ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது.

காப்பு நகலை நாடியபோதே உண்மையான பழுது தெரிந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் இயங்க, நகலெடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பாக இருந்தமையால் நகலெடுப்பு தோற்றுக்கொண்டிருந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய ஒப்பமின்மையால் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நிலைப்படமே கைகொடுத்தது. அவ்விடைக்காலத்துத் தரவு மீளவில்லை. நிறுவனம் அப்பொறியியலாளர்மீது பழியைச் சுமத்தாமல், மீட்புப் பணியை ஒளிபரப்பியதுடன் காரணங்களையும் விரிவாக வெளியிட்டது. தனியொருவரின் கைத்தவறு அடித்தளக் குறைபாட்டை வெளிக்கொணர்ந்ததேயன்றி அதனைத் தோற்றுவிக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

நமது நாட்டிலும் இதற்கு நிகரான அனுபவம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினிச் சேவை கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டு, கோப்புக்கள் மறையாக்கம் செய்யப்பட்டன. சேவை மீட்கப்பட்டதெனினும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான காலத்துக்குக் காப்பு நகல் இன்மையால் அரச அலுவலகங்களின் அக்கால மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. தாக்குதல் வெளியிலிருந்து வந்தது. மீட்க இயலாமை உள்ளிருந்தது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு செயல் ஒழுங்கை வகுக்கலாம். முதலில் செய்தியைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொண்டு, பேசுவது எந்த அடுக்கு என வினவுதல் வேண்டும். அடுத்து, அதற்குக் கீழுள்ள அடுக்கின் குறிப்பேட்டை அதே நேரத்துக்கு வாசித்தல் வேண்டும். உள் இயந்திரத்தில் வழுவெனில் தாங்கும் கணினியின் இடத்தையும் குறிப்பேட்டையும் காணாமல் முடிவு கூறலாகாது. மூன்றாவதாக, எதனையும் திருத்துமுன் உள்ளதை உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும். நான்காவதாக, ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து அதன் விளைவைக் காணல் வேண்டும். இறுதியாக, காப்பு நகலை எடுத்ததோடு அமையாது, குறித்த கால ஒழுங்கில் அதனை மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத நகல் நம்பிக்கையேயன்றி நகலாகாது.

இவ்வொழுங்குக்கு நேரமும் ஆளணியும் பயிற்சியும் தேவை. புதிய கருவி வாங்குவதற்கு ஒதுக்கப்படும் பணமும் கவனமும், இருப்பதைப் பேணுவோருக்குக் கிடைப்பது அரிது. பேணுவோரின் உழைப்பு வெற்றியடையும்போது எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே அது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஒரு சமூகம் தன் நினைவைக் கோப்புக்களிடம் ஒப்படைத்துவிட்டதெனின், அவ்வுழைப்பை மதித்து அதற்குரிய வசதிகளை வழங்குவது அச்சமூகத்தின் கடமையாகும்.