கடவுளுக்கு 41 ஓட்டு!

பொள்ளாச்சியில் சிநேகிதர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சேமிப்புச் சங்கம் ஆரம்பித்தோம். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு நோட்டு என் தலையில் விழுந்தது. பழக்க தோஷத்தில் முதல் பக்கத்து உச்சியில் 'உ' போட்டுவிட்டேன்.

"ஏனுங்ணா, இதுக்குக் கீழே நானுமா கையெழுத்துப் போடணும்?" என்றார் கறுப்புச் சட்டை நண்பர். "எனக்கும் அதே சங்கடந்தானுங்க" என்றார் பாய். "சுழி போடாம ஆரம்பிச்சா சங்கம் விளங்குமாங்க?" என்று எகிறினார் வெல்ல மண்டிக்காரர். சங்கம் பிறப்பதற்குள் பாகப்பிரிவினை!

இதே பஞ்சாயத்து நம் தேசத்துக்கும் நடந்திருக்கிறது சார். 1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதம். 'கடவுளின் பெயரால்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்றார் எச்.வி.காமத். அப்படியானால் தேவியின் பெயரையும் சேருங்கள் என்றார் அஸ்ஸாம்காரர் ரோகிணி குமார் சௌத்ரி. இது நம்பிக்கையில் கட்டாயம் ஆகாதா என்று கேட்டார் திருவிதாங்கூர் பட்டம் தாணுப் பிள்ளை. கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார் பூர்ணிமா பானர்ஜி. காமத் மசியவில்லை. கை தூக்கினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் டெபாசிட் இழக்கவில்லை, தோற்றுப்போனார், அவ்வளவுதான்!

அப்போ அந்தச் சபை நாத்திகக் கூட்டமா? அதுதான் இல்லை. நம்ம பக்கத்துச் செங்குட்டைப்பாளையம் சி.சுப்பிரமணியமும் உறுப்பினராக இருந்த அந்தச் சபைக்குத் தலைவர் ராஜேந்திர பிரசாத், பழுத்த பக்தர். நேருவோ, தனக்கு எந்த மதச் சடங்கும் வேண்டாமென்று 1954-ல் உயில் எழுதியவர். அம்பேத்கர் 1956-ல் நாக்பூரில் பௌத்தரானார். ஆளுக்கொரு கணக்கு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பைபிளின் சுவிசேஷங்களிலிருந்து அற்புதங்களை விட்டுவிட்டு, நீதிகளை மட்டும் கத்தரித்து ஒட்டித் தனி நோட்டு செய்துகொண்டார் ஜெஃபர்சன். அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலரின் கடவுள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர். அவரிடம் பிரமோஷன் கேட்டுத் தேங்காய் உடைத்துப் பிரயோஜனமில்லை. இது டீயிஸம். நம்ம ஆனைமலை மாசாணியம்மன் அப்படியா? மிளகாய் அரைத்துப் பூசினால் வழக்கை விசாரித்தே தீரவேண்டும். இது தீயிஸம். இரண்டு ரகமும் இருந்த அமெரிக்கத் தலைவர்கள் 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கடவுளைக் குறிப்பிட்டார்கள். 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தையோ அவர் பெயரில் தொடங்கவில்லை.

காரணம் சுலபம். நம்பிக்கை என் சொந்தக் கணக்கு. அரசியல் சட்டம் கூட்டுக் கணக்கு. பொது நோட்டில் என் சாமியை எழுதினால் பக்கத்து ஆள் பொய்க் கையெழுத்துப் போடவேண்டி வரும். அதனால்தான் பதவிப் பிரமாணத்தில் மட்டும் 'கடவுள் பெயரால்' அல்லது 'உளமார' என்று இரண்டு வழி வைத்தார்கள். அவரவர் வாய், அவரவர் சத்தியம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மண்டிக்காரர் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சுழி எனக்கு உசுருங்க. ஆனா இன்னொருத்தர் கையை முறுக்கிப் போட்ட சுழியைப் பிள்ளையாரே ஏத்துக்க மாட்டாருங்க. கிழிச்சுப் போடுங்க அந்தப் பக்கத்தை."

கிழித்தேன். இப்போது அவரவர் பாஸ் புத்தகத்தில் மண்டிக்காரர் 'உ', பாய் 786, கறுப்புச் சட்டை வெறும் தேதி.

பொது நோட்டில் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு மட்டும் மாசா மாசம் டேலி ஆகிறது!