பெரியப்பாவின் ரிவால்வரும் ஒரு பட்டியலும்

தேர்தல் தேதி அறிவித்த ஓரிரு நாளில் பெரியப்பா ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு அசோக் நகர் வீட்டிலிருந்து கிளம்புவார். பைக்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் ரிவால்வர். லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வரும். ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி, வரும்போது அதே பையில் கொத்தவரங்காய் வாங்கிக்கொண்டு திரும்புவார். ரிசல்ட் வந்த பிறகு மறுபடியும் பை, துண்டு, ரசீது.

ஒரு காலத்தில் அவர் மர டிப்போ நடத்தினார். வாராவாரம் கூலிப் பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு போகணும். அதற்காக எழுபதுகளில் வாங்கிய லைசன்ஸ். எனக்குத் தெரிந்து அவர் அதை ஒருமுறைகூட மனிதர் மேல் நீட்டியதில்லை. ஆனால் சின்ன வயதில் அது ஒரு யானையைச் சாய்த்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு அந்த லைசன்ஸ் புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். 'வெப்ளி அண்ட் ஸ்காட், .32' என்று எழுதியிருந்தது. யானைக் கதை அங்கேயே முடிந்தது. அது ஏன் .32? பெரியதாக ஏன் இல்லை? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து படித்ததன் குறிப்புகள்தான் இது.

அந்த எண் என்ன சொல்கிறது

.32 என்பது அங்குலக் கணக்கு. குழலின் விட்டம் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 8 மில்லிமீட்டர். ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பக்கூடாது. .38 ஸ்பெஷல் என்று பெயர் வைத்த தோட்டாவின் நிஜ விட்டம் .357 அங்குலம். .44 மேக்னத்தின் விட்டம் .429 தான். எண்ணில் பாதி அளவு, பாதி பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்.

சக்தியைச் சொல்வது விட்டம் மட்டுமில்லை. தோட்டாவின் எடை, அதைவிட முக்கியமாக அதன் வேகம். ஆற்றலைக் கணக்கிடும்போது வேகத்தை வர்க்கம் எடுக்கிறோம் இல்லையா, அதனால் வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நாலு மடங்கு. ரிவால்வர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் தோராயம்தான், குழல் நீளத்தையும் தோட்டாவின் வகையையும் பொறுத்து மாறும்:

.32 (பெரியப்பாவுடையது): 6 கிராம் தோட்டா, சுமார் 150 ஜூல்.
.380 (பழைய பிரிட்டிஷ் ராணுவ ரகம்): 12 கிராம், 200 ஜூலுக்குக் கொஞ்சம் மேல்.
.455 வெப்ளி (அதற்கும் முந்தைய ராணுவ ரகம்): 17 கிராம், சுமார் 300 ஜூல்.
.357 மேக்னம் (1935): 10 கிராம், சுமார் 700 ஜூல்.
.44 மேக்னம் (1955): 15 கிராம், சுமார் 1300 ஜூல்.
.500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னம் (2003): 22 கிராம், சுமார் 3500 ஜூல்.

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் 'ரிவால்வர்' என்ற ஒரே வார்த்தையால்தான் சொல்கிறோம். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: .357 தோட்டா .455ஐ விட ஒல்லி, லேசு. ஆனாலும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். இது பின்னால் தேவைப்படும்.

உதை

நான் இந்தியாவில் துப்பாக்கி சுட்டதில்லை. வேலைக்காக டெக்சஸில் இருந்த வருடங்களில்தான் அது நடந்தது. கூட வேலை பார்த்த மதுரைக்காரர், "மொதல்ல ஒரு வேட்டை லைசன்ஸ் எடுங்க, அப்புறம் ரேஞ்சுக்குப் போலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கே தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு. கணினியில் பத்து நிமிட வேலை. இதுவரை ஒரு முயலைக்கூட விரட்டாத நான் சட்டப்படி வேட்டைக்காரன் ஆனேன்.

முதலில் .44 மேக்னம். 1971இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தால் உலகப் புகழ் பெற்ற துப்பாக்கி இதுதான். அதற்கப்புறம் .500. ரேஞ்சில் இருந்த வயதான பயிற்சியாளர் சிலிண்டரில் ஐந்து அறை இருந்தும் ஒரே ஒரு தோட்டாவைத்தான் போட்டுக் கொடுத்தார். காரணம் கேட்டேன். உதையில் துப்பாக்கி மேலே துள்ளும்போது புதியவர்கள் பிடியை இறுக்குவார்கள், விரல் தன்னை அறியாமல் மறுபடி விசையை இழுத்துவிடும், அப்போது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். இடது கட்டைவிரலையும் தள்ளி வைக்கச் சொன்னார். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இந்த சக்தியில் விரலை நன்றாகவே கிழித்துவிடும்.

சுட்டேன். சத்தத்தைவிட முகத்தில் அடித்த காற்றுதான் நினைவில் இருக்கிறது. இரண்டு மணிக்கட்டும் மூன்று நாள் வலித்தது. குறி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

இந்த உதைக்குக் காரணம் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்குத் தெரியும். பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் நகரும். தோட்டா முன்னால் போக, துப்பாக்கி பின்னால் வரும். பெரியப்பாவின் .32 நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வரும். .500 ரிவால்வர் இரண்டு கிலோ எடை இருந்தும் 6, 7 மீட்டர் வேகத்தில் வரும். கை வாங்கிக்கொள்ளும் ஆற்றல் முப்பது நாற்பது மடங்கு. அந்த ரகத்தை அமெரிக்காவில் கரடி, பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்களும், சுட்டுப் பார்க்கும் ஆசைக்காக வாங்குகிறவர்களும் வைத்திருக்கிறார்கள். ஆசைக்காக வாங்கியவர்கள் ஒரு பெட்டி தோட்டாவை முடிக்கவே வருடக்கணக்காகும் என்றார் பயிற்சியாளர்.

பட்டியல்

இனி ஊருக்குத் திரும்புவோம். நம் நாட்டில் பெரிய ரிவால்வர் ஏன் கிடைப்பதில்லை? "பவர் ஜாஸ்தி, அதான் தடை" என்றுதான் நானும் நினைத்தேன். விதிகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. சாதாரணமாக லைசன்ஸ் தராத 'தடை செய்யப்பட்ட போர்' ரகங்கள் அதில் வருகின்றன. ரைபிளில் .303, 7.62 மி.மீ. கைத்துப்பாக்கியில், .380 அல்லது .455 தோட்டாவையோ, ராணுவ 9 மி.மீ. தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய எதுவும். 2016இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இந்தப் பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே வந்தது.

இப்போது மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பாருங்கள். 200 ஜூல் .380க்குத் தடை. 700 ஜூல் .357, 1300 ஜூல் .44 இரண்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை! சக்திதான் அளவுகோல் என்றால் இது தலைகீழ். பட்டியல் கேட்கும் கேள்வியே வேறு: *சர்க்கார் கிடங்கில் இருக்கும் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குள் நுழையுமா?* நுழைந்தால் தடை.

இந்தக் கேள்வி வெள்ளைக்காரன் காலத்துக் கேள்வி. 1857 அனுபவத்துக்குப் பின் வந்த 1878ஆம் வருட ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசன்ஸைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அப்புறம் 1907இல் இன்னொன்று நடந்தது. யானை, காட்டெருது வேட்டைக்குப் பிரிட்டிஷ்காரர்களே கொண்டுவந்த .450 ரைபிள்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசு தடுத்தது. அந்தத் தோட்டாவின் ஈயக் குண்டு, ஊருக்குள் பரவியிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைபிள்களுக்குப் பொருந்திவிடும் என்ற பயம். இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன? .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கின. யானை மேல் விழும் அடி ஏறக்குறைய அதேதான், சர்க்கார் ரைபிளுக்குள் மட்டும் நுழையாது. அவ்ளோதான் தேவை.

அதே தர்க்கம்தான் .455க்கும். 1887இலிருந்து பிரிட்டிஷ் படையின் இடுப்பில் இருந்தது வெப்ளி ரிவால்வர். பிறகு அந்த இடத்துக்கு .380 வந்தது. இரண்டும் ராணுவத் தோட்டா, ஆகவே குடிமக்களுக்குக் கிடையாது. சுதந்திரம் வந்தது, பட்டியலின் தர்க்கம் மாறவில்லை. எஞ்சியிருந்த சந்துதான் .32.

.357இன் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் கடையில் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்கு முன் வந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன, விலையும் அதற்கேற்ற மாதிரி. புதிதாக வேண்டுமென்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளின் .32. 2014இல் பெண்களுக்கென்று அறிமுகமாகி, ஒரு லட்சத்துக்கு மேல் விலை என்பதால் பேசப்பட்ட 'நிர்பீக்'கும் .32. 2023இல் வந்த 'பிரபல்' என்பதும் .32. இதில் வேடிக்கை என்னவென்றால், .455 செய்து பேர் வாங்கிய அதே வெப்ளி அண்ட் ஸ்காட், 2020இல் உத்தரப்பிரதேசத்து சண்டிலாவில் உற்பத்தி தொடங்கியபோது முதலில் செய்ததும் .32 தான்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி

அப்படியானால் .32 ஆபத்து குறைந்ததா? இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ராமாவரம் தோட்டம் ஞாபகம் வரும். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். 1967 ஜனவரி 12 அன்று அங்கேதான் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இடது காதருகே பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் பேச்சை நிரந்தரமாக மாற்றியது. கழுத்துக் கட்டோடு இருந்த படம் ஊரெல்லாம் போஸ்டரானது. மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை என்பது வழக்கில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று.

நான் அதில் கவனிப்பது தூரத்தை. ஒரு வரவேற்பறை, பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரு துப்பாக்கி. அந்த தூரத்தில் ஜூல் கணக்குக்கு அர்த்தமே இல்லை. 150 ஜூல் தாராளம்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் பெரியப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. "மாடில யாரோ நடக்கறாங்கடா" என்பார் ராத்திரியில். மாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். ஒரு நாள் அண்ணன் வேலை முடிந்து லேட்டாக வந்து கதவைத் திறந்தபோது, பெரியப்பா ஹால் நாற்காலியில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் அது. தோட்டாக்கள் வேறு அலமாரியில் இருந்தன; அந்த ஒரு பழக்கத்தை அவர் முப்பது வருடமாக விடாமல் வைத்திருந்ததால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"யாருப்பா நீ?" என்று மகனைக் கேட்டாராம்.

மறுநாள் பீரோ சாவி பெரியம்மாவின் இடுப்புக்கு மாறியது. சட்டப்படி அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைத்திருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. "அவர் கேட்டா என்ன சொல்றது?" என்று தள்ளிப்போட்டோம். அது தப்பு. உங்கள் வீட்டில் வயதானவரிடம் லைசன்ஸ் இருந்தால் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

லைசன்ஸ்தாரர் இறந்தபின் வாரிசு தன் பெயரில் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. எங்களுக்கு அந்தக் கவலையில்லை, இருந்ததே ஒன்று. "குடும்பச் சொத்து, உன் பேர்ல எடுத்துக்கறியா?" என்று அண்ணன் என்னிடம்தான் கேட்டார். ஊரில் .500 சுட்டவன் நான் ஒருவன்தானே.

எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சப்பையில் துண்டு சுற்றி, லைசன்ஸ் புத்தகத்தோடு நாங்கள் இருவரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். தேர்தல் எதுவும் அப்போது இல்லை. ரசீது பெரியப்பா வைத்திருந்த பழைய ரசீதுகளோடு அதே டப்பாவில் இருக்கிறது. பையை மட்டும் பெரியம்மா காய் வாங்க எடுத்துக்கொண்டார்.