உங்களுக்குத் தெரியுமா? பீடத்தடியில் பூசணிக்காய்

இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, காய்கறிச் சந்தையே உள்ளே வந்துவிட்டதோ என்று தோன்றும். ஜன்னல் விளிம்பில் ஆப்பிள், பீடத்தடியில் பூசணி, நடுவே கோதுமைக் கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய ரொட்டி. அதன்மேல் மாவாலேயே செய்த ஒரு சுண்டெலியும் பெரும்பாலும் ஏறிக்கொண்டிருக்கும்!

ஆயிரமாண்டுப் பழக்கம்போலத் தெரியும் இந்த அறுப்பின் பண்டிகை, இன்றைய வடிவத்தில் வேரூன்றியது 1843இல்தான். கார்ன்வால் கடலோரத்து மார்வென்ஸ்டோவின் குருவானவர் ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், புதுக் கோதுமை அப்பத்தைத் திருவிருந்தில் பகிர ஊராரை அழைத்தார். விசித்திரமான மனிதர். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களை எடுத்துவந்து முறைப்படி அடக்கம் செய்தவர். அதே கப்பல்களின் மரத்துண்டுகளால் பாறைச் சரிவில் குடிசை கட்டி, அதில் கவிதையும் எழுதினார். குடிசை இன்றும் நிற்கிறது.

இப்போது பூசணிகளுக்குப் பக்கத்தில் டின் உணவுகளும் குவிகின்றன. அவை ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குப் போகும்.

நவம்பரில் சூழல் மாறும். இரண்டாம் ஞாயிறு, போரில் மாண்டோரின் நினைவு நாள். அன்று மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோலுறை கட்டுவார்கள். ஓர் அடி கணீரென்றும், அடுத்தது எதிரொலிபோல மங்கியும் கேட்கும். இரு பக்கமும் உறையிடுவது மிக அரிது; 2022இல் எலிசபெத் அரசியார் மறைந்தபோது பல ஊர்களில் அப்படிச் செய்தார்கள்.