மலையேறிய காப்பி – 9: பூ மழையும் பழ மழையும்

அடுக்கம், பழனி மலையின் தெற்குச் சரிவில் இருக்கிற சிற்றூர். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலை இதன் ஊடாகப் போகிறது. ஊர் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். ஊர்க்காரர்கள் இறங்கிப் போகும் பெரியகுளமோ தேனி மாவட்டம். கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறிய பழைய குதிரைப் பாதையும், துரைமார்களை நாற்காலியில் வைத்துச் சுமந்த கூலியாட்களும் சென்ற வாரத்தோடு முடிந்த கதை. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரிக்கரைக் கடையில் காப்பிப்பொடி பொட்டலம் வாங்கி, அது அங்கேயே விளைந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். 7,000 அடி உயரத்தில், டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் காப்பிச் செடி பிழைக்காது. அரபிகாவுக்குப் பொருத்தமான உயரம் ஏறக்குறைய 1,000 முதல் 1,500 மீட்டர்; ரொபஸ்டாவுக்கு அதற்கும் கீழே. ஆகவே பழனி மலையின் காப்பி முழுவதும் இடுப்புயரத்தில்தான் இருக்கிறது: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், தெற்கே அடுக்கம். தமிழ்நாட்டில் காப்பிப் பரப்பு மிகுந்த வட்டாரம் இதுவே. குடகைப் போலப் பெரிய எஸ்டேட்டுகள் இங்கே குறைவு, சிறு தோட்டங்களே மிகுதி. ஒரே தோட்டத்தில் சில்வர் ஓக், பலா, அதன் மேல் ஏறிய மிளகுக்கொடி, இடையில் மலைவாழை, பட்டர் புரூட், ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் அடியில் காப்பி. சாலையிலிருந்து பார்த்தால் காடு. காரில் கடந்து போகிறவர்களில் பாதிப்பேருக்குக் காப்பித் தோட்டத்தைத் தாண்டி வந்ததே தெரியாது.

தெரிந்துவிடும் நாட்கள் ஆண்டில் மூன்றோ நான்கோ உண்டு. அவை எப்போது வரும் என்பதை மழைதான் முடிவு செய்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, இலைக் கணுக்களில் மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன. ஒரு குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடுகின்றன. வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில், அசைவே இருக்காது. செடி இந்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் வாட வேண்டும். வாட்டம் இல்லாவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விழிப்பதில்லை. மாசி, பங்குனியில் ஒரு நாள், ஓர் அங்குலம் அளவுக்குக் கோடை மழை கொட்டுகிறது. தோட்டக்காரர்கள் காத்திருக்கும் பூ மழை இதுதான். மொட்டுகள் நீரை உறிஞ்சி மறுபடி வளரத் தொடங்கும். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், அந்த மழை நனைத்த சரிவு முழுவதும் ஒரே விடியலில் பூத்துவிடும். ஒரு செடி முந்தி, ஒரு செடி பிந்தி என்பது அநேகமாக இல்லை. கிளை நெடுக வெள்ளை, மலை முழுவதும் மல்லிகை வாசம். மூன்றாம் நாள் பூ பழுப்பேறி உதிர ஆரம்பிக்கும். மழை மேல்சரிவில் மட்டும் பெய்திருந்தால் மேல்சரிவு மட்டும் வெளுத்திருக்கும். மழை எதுவரை பெய்தது என்று பத்து நாள் கழித்துப் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மழை அரைகுறையாகப் பெய்தால் வம்பு. வெயிலும் சேர்ந்துகொண்டால் மொட்டுகள் முழுதாக விரியாமல், சிறுத்து, பச்சையாக, நட்சத்திர வடிவில் விறைத்து நின்றுவிடும். அவற்றிலிருந்து காய் வராது. பூத்த அன்றே மழை அடித்தாலும் மகரந்தம் கெடும். அரபிகா தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது, ஓரளவு தாங்கிக்கொள்ளும். ரொபஸ்டாவுக்கு வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும், அதற்குக் காற்றும் தேனீயும் வேண்டும், தேனீக்கு வெயில் வேண்டும். பூ உதிர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. இத்தனைக்கும் ஒத்து வரும் வானம் எல்லா ஆண்டும் அமைவதில்லை.

இதே மலையின் உச்சியில் மழையை முன்கூட்டிச் சொல்ல ஒரு முயற்சி நடந்தது, அதை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. தாது வருஷப் பஞ்சம் (1876–78) சென்னை மாகாணத்தைத் துடைத்துப் போட்ட பிறகு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அறிவியலாளரிடையே வலுவாக இருந்தது. பஞ்சக் கமிஷனும் சூரியனை முறையாகக் கவனிக்கப் பரிந்துரைத்தது. சென்னை வானாய்வுக்கூடத்தின் மிச்சி ஸ்மித் இடம் தேடி, மேகமும் தூசியும் குறைந்த கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் அங்கே சூரிய ஆய்வகம் உருவானது. 1909-ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு ஆரத்தின் திசையில் வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். இன்றைக்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே அறியப்படுகிறது. சூரியனைப் பற்றி உலகுக்கு நிறையத் தெரிந்தது. அடுத்த மாதம் மழை வருமா என்பது மட்டும் கரும்புள்ளியிலிருந்து தெரியவரவில்லை. ஆய்வகத்துக்கு நேர் கீழே உள்ள சரிவுகளில் பூ மழைக்கு இப்போதும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பூவுக்கும் பழத்துக்கும் நடுவே அரபிகாவுக்கு எட்டு ஒன்பது மாதம். பங்குனியில் பூத்தது கார்த்திகையில் பழுக்கும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குடகும் சிக்மகளூரும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. அங்கே பழம் எடுக்கும் டிசம்பர், ஜனவரியில் வானம் வெளுத்திருக்கும், களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொள்ளலாம். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. பழம் சிவக்கும் நேரமும் மழை கொட்டும் நேரமும் ஒன்று. கோடை மழை ஒரே தடவையில் பெய்து முடியாமல் தவணை தவணையாகப் பெய்வதால் பூவும் பல தடவை வந்திருக்கும். ஆகவே ஒரே கிளையில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் கிடக்கும். பச்சையை விட்டுப் பழுத்ததை மட்டும் பறிக்க, ஒரே செடிக்கு நாலைந்து தடவை வர வேண்டியிருக்கிறது. விட்டுவைக்கவும் முடியாது. மழையில் பழம் வெடித்து உதிரும். உதிர்ந்த பழம் காய்த்துளைப்பான் வண்டுக்கு அடுத்த பருவம் வரை வீடும் சாப்பாடும் ஆகிவிடும். 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட இந்தப் பூச்சி காப்பி நாடு முழுக்கப் பரவியதில், கீழே பொறுக்காமல் விட்ட பழத்துக்கும் பங்குண்டு.

பறித்த பழத்தை இரண்டு விரலால் நசுக்கினால் இரண்டு விதைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே கொழகொழப்பான படலம். நக்கிப் பார்த்தால் இனிப்பு. அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்து, ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் தொட்டியில் புளிக்க விடுகிறார்கள். குளிர் கூடினால் இன்னும் நேரம் பிடிக்கும். கடிகாரம் இதற்கு உதவாது. ஒரு கைப்பிடி அள்ளிக் கழுவித் தேய்த்துப் பார்க்க வேண்டும்: வழுக்கினால் இன்னும் ஆகவில்லை, உள்ளங்கையில் நறநறவென்று உரசினால் ஆயிற்று. பிந்தினால் புளிப்பு வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும். பிறகு கழுவி, களத்தில் பரப்பிக் காய்ச்சல். வெயில் எட்டிப் பார்த்தால் விரிக்க வேண்டும், மேகம் இறங்கினால் தார்ப்பாயால் மூட வேண்டும். கார்த்திகையில் ஒரு பகலில் இது எத்தனை தடவை நடக்கும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. படியில் அள்ளி எடை போட்டு, அடுத்தடுத்த நாளில் எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று பொருள். இது பார்ச்மென்ட். உமி நீக்கித் தரம் பிரித்த பிறகு, வறுத்து அரைக்கும் கடைகளில் பிளான்டேஷன் ஏ என்ற பெயரில் நிற்பது இதில் பெரிய கொட்டை. தொட்டியும் தண்ணீரும் பல்ப்பரும் இல்லாதவர்கள் பழத்தை அப்படியே காயவைத்து செர்ரியாக விற்கிறார்கள். விலை குறைவு, மழையில் பூஞ்சணம் பிடிக்கும் பயம் அதிகம்.

மூட்டை கட்டியான பிறகும் மழை விடுவதில்லை. வத்தலக்குண்டு பக்கத்து மலைச்சாலை 1914-ல் திறந்தது முதல் கொடைக்கானல் போக்குவரத்தெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியகுளத்துச் சரிவு மோட்டார் பாதை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அடுக்கம் சாலை பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே நல்ல தூரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் குறுகலானது, செங்குத்துச் சரிவை வெட்டிப் போட்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து, பாறை உருண்டு, அடிக்கடி அடைபடுகிறது. காப்பி இறங்க வேண்டிய மாதமும் அதே மாதம். பக்கத்து மடிப்பில் இருக்கும் வெள்ளகவியோடு ஒப்பிட்டால் அடுக்கத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெள்ளகவி மக்கள் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை என்பதை எல்லோரும் வியந்து எழுதிவிட்டார்கள். அங்கிருந்து காப்பியும் பட்டர் புரூட்டும் நெடுங்காலம் குதிரை முதுகில்தான் வெளியே வந்தன என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

பார்க்கப் போகிறவர்களுக்கு: பூ பார்க்க விரும்பினால் தேதி குறித்து அறை பதிவு செய்வதில் பயனில்லை. மலையில் தெரிந்தவர் இருந்தால், பங்குனி வாக்கில் நல்ல மழை பெய்த நாளைக் கேட்டு அதிலிருந்து ஒன்பது எண்ணிக்கொள்ள வேண்டும். பழ எடுப்பு பார்க்க நவம்பர் முதல் ஜனவரி. பெரியகுளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் ஏறக் கூடாது. அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம். பூத்த கிளையை ஒடித்துப் படம் எடுப்பதைத் தோட்டக்காரர்கள் ரசிப்பதில்லை, ஒவ்வொரு பூவும் ஒரு பழம்.

இந்த வாரம் தருவதாகச் சொன்ன விலைக் கதைக்கு இடமில்லாமல் போயிற்று. காப்பி போர்டு எல்லா விளைச்சலையும் ஒரே குவியலாக வாங்கிய காலம் 1990-களின் நடுவில் முடிந்தது. 2019-ல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பழனி மலை அதில் இல்லை. விலைக் கதையின் நடுவே நிற்பது, கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்துக் காப்பி ஊரான பட்டிவீரன்பட்டி. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அந்த ஊர்க்காரர், காப்பித் தோட்டக்காரர். தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரில் அமைந்தது. அவரும் மலைக் காப்பியின் விலையும் அடுத்த இதழில்.