உஷார்! பரண்மேல் கிடக்கும் டேப் ரிக்கார்டரைத் தேடி ஆள் வருகிறது

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வந்தவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. எதை வாங்கி எதைத் தருகிறோம் என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள். இப்போது வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். "வீட்ல பழைய டேப் ரிக்கார்டர், வால்வு ரேடியோ ஏதாச்சும் இருக்காண்ணே? உள்ள ரெட் மெர்குரி இருந்தா கோடிக்குப் போகும்."

இதைக் கேட்டதும் கதவைச் சாத்துங்கள். மண்ணுளிப் பாம்பு, இரிடியக் கலசம், ரைஸ் புல்லிங் எல்லாம் பிறந்த வயிற்றில்தான் இந்தச் சிவப்புப் பாதரசமும் பிறந்தது. பூண்டைக் கண்டால் விலகுமாம், தங்கத்தைக் கண்டால் ஓடி ஒட்டுமாம், கண்ணாடியில் அதன் உருவம் விழாதாம். வீடியோவும் கையில் வைத்திருப்பார்கள். 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி சிங்கர் தையல் மெஷின்மேல் ஏறியது. ஓட்டை மெஷினுக்கு 2,00,000 ரியால் வரை விலை பேசியதாகச் செய்தி வந்தது. அப்படியொரு பொருளே கிடையாது என்று சர்வதேச அணுசக்தி முகமை அதற்கு முன்பே சொல்லியிருந்தது. பாதரசச் சேர்மங்களில் சிவப்பானவை உண்டுதான். சித்த மருந்தில் சேரும் சாதிலிங்கம் அப்படிப்பட்டது, ஆனால் அது நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. டேப் ரிக்கார்டருக்குள் மோட்டார், ரப்பர் பெல்ட், ஹெட், கொஞ்சம் டிரான்சிஸ்டர், அவ்வளவே. வால்வுக்குள் வெள்ளியாக மின்னுகிறதே என்பீர்கள். அது மிச்சக் காற்றை உறிஞ்சப் பூசிய பேரியம். கோடி தருகிறேன் என்பவர் இரண்டாம் சந்திப்பில் 'டெஸ்டிங் சார்ஜ்' கேட்பார். கதை அங்கேதான் ஆரம்பம்.

நிஜ விலை வேறு. எண்பதுகளில் மாமா துபாயிலிருந்து தூக்கி வந்த டூ இன் ஒன், ஓடாவிட்டால் சில நூறு ரூபாய், நன்றாக ஓடினால் சில ஆயிரம். சேகரிப்பவர்கள் துரத்துவது வேறு ஜாதி. 1979-ல் வந்த முதல் சோனி வாக்மேன், ரீவாக்ஸ் ஸ்பூல் மெஷின்கள், 1982-ல் வந்த நாகமிச்சி டிராகன். டிராகன் நல்ல நிலையில் இருந்தால் லட்சத்தைத் தாண்டும். ஓடுகிற டேப்புக்கு ஏற்ப ஹெட்டைத் தானே திருப்பிச் சரிசெய்துகொள்ளும் மெஷின் அது. இந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. 'முழு சர்வீஸ் செய்தது' என்று எழுதியிருக்கும். மூடியைத் திறந்தால் பெல்ட் உருகித் தார்போலப் பிசுபிசுக்கும். தம்புராவோ சுருதிப் பெட்டியோ பதிந்த கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். சினிமாப் பாட்டில் தாளமும் கோரஸும் குறையை மறைத்துவிடும். சுருதியில் மறைக்க முடியாது, லேசாக ஆடினாலும் காது பிடித்துவிடும். பிறகு ஹெட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால் ஹெட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் பின்பக்கத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ஜப்பானுக்கென்று செய்தது 100 வோல்ட், நம் வீட்டுச் சுவரில் 230. அரை நிமிடத்தில் புகை வரும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீர்ந்ததா? அமெரிக்க ஸ்பூல் மெஷின்களில் பல, மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் கணக்கில் சுற்றுபவை. அங்கே 60, இங்கே 50. வோல்ட்டைச் சரிசெய்தாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டையில் பாடுவதுபோலக் கேட்கும்! பழைய ரீவாக்ஸ்களில் ஒளி ஊடுருவும் மஞ்சள் நிற ரிஃபா கெப்பாசிட்டர்கள் இருக்கும். வருடக்கணக்கில் விரிசல் விட்டு ஈரம் குடித்துக் காத்திருப்பவை. மாற்றாமல் கரண்ட் கொடுத்தால் வெடித்து நாறும்.

இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரே வார்த்தை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்றால் அவர் வாங்க வந்தவர் அல்ல. யூபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930.

இவையெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டங்கள். என்னைப் பதறவைப்பது இன்னொன்று. 2019-ல் யுனெஸ்கோ 'காந்த நாடா எச்சரிக்கை' என்றே பெயர் வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. காப்பகங்கள் அப்போது குறித்த கெடு 2025. அதன்பின் ஓட்டும் மெஷின், உதிரிப் பாகம், பழுது பார்க்கத் தெரிந்த கை மூன்றும் அரிதாகிவிடும் என்பது கணக்கு. பெரிய காப்பகங்களுக்கே இந்த நிலை என்றால் நம் வீட்டுக் கேசட்டுகள் எம்மாத்திரம்? வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த பேச்சு, கல்யாண நாதஸ்வரம், பாட்டியின் தாலாட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மெஷினை விற்றபின் அவற்றை எதில் போட்டுக் கேட்பீர்கள்?

விற்கும் முன் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் இழுத்துப் பிரதி எடுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், மெஷின் வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். ரெக்கார்டு பொத்தானில் கை தவறிப் பட்டாலும் குரல் அழியாது.

அப்பா வாங்கிய டேப் ரிக்கார்டரை 1,200 ரூபாய்க்கு நான் கொடுத்தேன். நல்ல விலை என்று ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அப்பாவின் குரல் பதிந்த ஒரே கேசட் அதற்குள்ளேயே இருந்தது. கொடுக்கும் முன் எஜெக்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.