பழைய பெருவண்டியும் எரிபொருள் கணக்கும்

பெங்களூரின் ஜெயநகரிலோ மல்லேசுவரத்திலோ சற்று நடந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெரிய எஸ்.யு.வி. ஒன்றேனும் ஏதாவதொரு வீட்டு வாயிலில் நிற்பதைக் காணலாம். 1998-இல் டாடா சஃபாரி, 2000-இல் அருகிலுள்ள பிடதி ஆலையிலிருந்து டொயோட்டா குவாலிஸ், 2002-இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என அடுத்தடுத்து வந்த பெரிய குடும்ப வாகனங்கள் பலருடைய வாழ்வில் ஓர் அங்கமாகிவிட்டன. வாங்கிய கடன் எப்போதோ அடைந்துவிட்டது. குலதெய்வம் கோயிலுக்கும் உறவினர் திருமணத்திற்கும் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் செல்ல இன்றும் அதுவே துணை. ஆயினும் ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் ஒரு கேள்வி எழுகிறது: இதை இன்னும் வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா? விடை காணும் முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் அளந்தறிவோம்

"முன்பு பன்னிரண்டு கொடுத்தது, இப்போது எட்டுதான்" என்று நினைவிலிருந்து சொல்வது கணக்காகாது. ஒரே பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, இடையே ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான எண் கிடைக்கும். மூன்று முறை அளந்து சராசரி காண்பது நல்லது.

இரண்டு பிழைகளுக்கு இடம் கொடுக்கலாகாது. தோற்றத்திற்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடுதூரமானி குறைத்துக் காட்டும். விட்டம் 5 விழுக்காடு கூடியிருந்தால், வண்டி 105 கி.மீ. ஓடியிருக்க மானி 100 என்றே சொல்லும். இரண்டாவது, நம் நகரின் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டு டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கு மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் தேவைப்படும். எனவே கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குச் செல்கையில் கிடைக்கும் எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டாம். திரும்புகையில் அது குறைவதைக் கண்டு வருந்தவும் வேண்டாம். போய்வந்த மொத்தக் கணக்கே சரியான கணக்கு.

சிறு முன்னேற்றம், பெரிய சேமிப்பு

மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்தால் 125 லிட்டர் செலவாகும். அதை 10 ஆக உயர்த்தினால் 100 லிட்டர் போதும். 25 லிட்டர் மிச்சம். ஆனால் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் சிறிய கார் 20 ஆக உயர்ந்தால் மிச்சமாவது ஐந்தரை லிட்டரே. அதிகம் குடிக்கும் வண்டியைச் சிறிது திருத்தினாலும் பலன் பெரிது. பழைய பெருவண்டிக்காகப் பாடுபடுவது வீண் என்று எண்ணுவோர் இக்கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

டயர்க் காற்றழுத்தத்திலிருந்து தொடங்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவே சரியானது. காலையில் வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் எரிபொருளை வீணாக்குவதோடு ஓரங்களில் விரைவில் தேயவும் செய்யும். சக்கர நேர்சீரமைப்பையும் உடன் பார்த்துவிடலாம்.

அடுத்தது பிரேக். பழைய வண்டிகளில் காலிப்பர் இறுகி, மிதிக்காத போதும் பிரேக் இலேசாகப் பிடித்துக்கொண்டே இருப்பதுண்டு. மிதமான சரிவில் கியரை விடுவித்தும் வண்டி நகரத் தயங்கினாலோ, ஓட்டத்திற்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த வெப்பத்தை வீசினாலோ உடனே காட்ட வேண்டும். இது எரிபொருளை மட்டுமன்று, உயிரையும் பொறுத்தது.

எஞ்சினில் மறைந்திருக்கும் குறைகளுள் ஒன்று தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிடுவது. அப்போது எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் கூடுதல் எரிபொருளைக் குடிக்கும். வெகுநேரம் ஓடிய பின்பும் வெப்பமானி முள் கீழேயே இருப்பது இதன் அறிகுறி. டீசல் வண்டியானால் இன்ஜெக்டர், டர்போ குழாய்களில் கசிவு, கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வு, டீசல் ஃபில்டர் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லலாம். கரும்புகையும் குறைந்த இழுவையும் இவற்றின் அறிகுறிகள். கிளட்ச் வழுக்கினாலும் எரிபொருள் வீணாகும்.

காற்று ஃபில்டரைப் பற்றி ஒரு சொல். அதை மாற்றினாலே மைலேஜ் ஏறிவிடும் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தது. கணினி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் அடைபட்ட ஃபில்டரால் வேகமெடுக்கும் திறன் குறையுமேயன்றி, எரிபொருள் செலவு அவ்வளவாக மாறுவதில்லை என 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கண்டது. எஞ்சினைக் காக்க அதை உரிய காலத்தில் மாற்றுவோம். மைலேஜுக்காக அதையே நம்பியிருக்க வேண்டாம். தொட்டியில் ஊற்றும் "மைலேஜ் மருந்து"களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வண்டி பெட்ரோலில் ஓடுவதானால் மற்றொரு காரணமும் உண்டு. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலில் ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்கு இசைவாக்கிய நான்கு சக்கர வாகனங்களில் இதனால் 6 முதல் 7 விழுக்காடு வரை திறன் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இந்தக் குறைவை எந்தப் பணிமனையாலும் சரிசெய்ய இயலாது. பழைய ரப்பர்க் குழாய்களை மட்டும் சோதித்துக்கொள்வது நலம்.

நம் கையிலும் காலிலும் உள்ளவை

கூரை மேலுள்ள வெற்றுச் சட்டத்தையும், பின்புறம் மாதக்கணக்கில் கிடக்கும் சுமையையும் இறக்கிவிடலாம். நெடுஞ்சாலையில் வேகம் 80-லிருந்து 100 ஆகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் உயரும். பெட்டி போல் உயர்ந்து நிற்கும் வண்டிக்கு இது பெரிய இழப்பு. 1978-இல் நிறுவப்பட்ட பி.சி.ஆர்.ஏ. என்னும் பெட்ரோலியச் சேமிப்பு அமைப்பு 45 முதல் 55 கி.மீ. வரையிலான வேகத்தையே சிக்கனமானது எனப் பரிந்துரைத்து வந்துள்ளது.

பெங்களூரின் உண்மையான பகை, நின்றுகொண்டே ஓடும் எஞ்சின். பெரிய எஞ்சின் வெறுமனே ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் செலவாகக்கூடும். சில்க் போர்டிலோ ஹெப்பாளிலோ நாளொன்றுக்கு அரை மணி நேரம் நின்றால், 25 நாட்களில் 12 லிட்டருக்கு மேல் போய்விடும். நீண்ட சிக்னலில், வண்டி முழுமையாக நின்ற பின், எஞ்சினை அணைக்கலாம். ஆனால் சரிவில் எஞ்சினை அணைத்தோ கியரை விடுவித்தோ உருளவிடலாகாது. பிரேக்கின் துணைவிசை இழக்கப்படும். கியரிலேயே இறங்கினால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

சில பயணங்களுக்குப் பெருவண்டியே வேண்டாம். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்கிறது. ஒருவர் மட்டும் அலுவலகம் செல்ல இரண்டு டன் இரும்பை இழுத்துச் செல்லத் தேவையில்லை.

திருத்துவதா, மாற்றுவதா?

இனி வீட்டுக் கணக்கு. மாதம் 1,000 கி.மீ., டீசல் லிட்டருக்கு 90 ரூபாய் எனக் கொள்வோம். லிட்டருக்கு 9 கி.மீ. என்றால் மாதச் செலவு 10,000 ரூபாய். திருத்தங்களால் 11 கி.மீ. கிடைத்தால் அது சுமார் 8,180 ரூபாயாகும். ஆண்டுக்கு ஏறக்குறைய 21,800 ரூபாய் மிச்சம். பணிமனைச் செலவு இத்தொகைக்குள் அடங்கினால் ஓராண்டிலேயே திரும்பி வந்துவிடும்.

15 கி.மீ. கொடுக்கும் புதிய வண்டியை வாங்கினால் எரிபொருளுக்கு 6,000 ரூபாய். மாத மிச்சம் 4,000 ரூபாய். அதற்காக 10 லட்ச ரூபாயை, எடுத்துக்காட்டாக 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 16,090 ரூபாய். ஆக, மைலேஜ் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிப் புதிய கடனை நியாயப்படுத்த இயலாது. கடன் வழங்கும் வங்கியின் இதழ் இப்படிச் சொல்வதா என்று வியக்க வேண்டாம். தாங்கக்கூடிய கடனே வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் நல்ல கடன்.

மாற்றுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அடித்தளச் சட்டம் துருவேறியிருத்தல், உதிரிபாகம் கிடைக்காமை, காற்றுப்பை போன்ற பாதுகாப்பு வசதி இன்மை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 15 ஆண்டு நிறைந்தால் தகுதிச் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவை எதிர்ப்படும்போது மாற்றத் தயங்க வேண்டாம். அதுவரை, திருத்தத்தால் மிச்சமாகும் தொகையை மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பில் போட்டு வந்தால், புதிய வண்டிக்கான முன்பணத்தில் ஒரு பகுதியைப் பழைய வண்டியே ஈட்டித் தந்திருக்கும்.